அளவு நோட்டை விட்டுப் போனுக்கு மாறி 3 வருஷம்

மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன், 12 வருஷமாக. அதில் 9 வருஷம் எல்லா அளவும் நோட்டில்தான். மொத்தம் 17 நீள நோட்டு. அது போக, காலண்டர் தாள், ஜவுளிக்கடை பில், பத்திரிகைக் கவர் என்று கையில் கிடைத்ததன் பின்பக்கம் எழுதிய சீட்டுகள் ஒரு கட்டைப்பை நிறைய. வைகாசி முகூர்த்த நேரத்தில் ஒரு அக்கா வந்து, "போன வருஷ அளவுதாம்மா, அப்படியே தச்சிரு" என்பார். அந்த ஒரு பக்கத்தைத் தேடுவதற்குள் ஒரு கை தைத்து முடித்திருக்கலாம்.

மாறியது ஆடி மாதத்தில். கல்யாணம் இல்லாத மாதம், வேலை கொஞ்சம் ஓயும். போனில் குறிப்பு எழுதிவைக்கும் கூகுள் கீப் ஆப்பை எடுத்துக்கொண்டேன். இலவசம், நெட் இல்லாத நேரத்திலும் எழுதலாம், வந்ததும் தானே சேமித்துக்கொள்ளும். முதல் வாரம் பழைய நோட்டு முழுவதையும் டைப் செய்ய உட்கார்ந்தது வீண் வேலை. 2 நோட்டுக்குள் கை ஓய்ந்துவிட்டது. அப்புறம், இப்போதும் வந்து போகிறவர்களை மட்டும் டைப் செய்தேன், மற்ற பக்கங்களைப் போட்டோ எடுத்துப் 'பழசு' என்று ஒரு லேபிள் போட்டுவிட்டேன். இதுவே போதும்.

பெயர் வைப்பதில்தான் நிறையப் பாடுபட்டேன். மதுரையில் மீனாட்சிகளுக்குக் குறைவா? என்னிடம் மட்டும் 11 பேர். அதில் சிலரை மீனாட்சி என்றும் சிலரை மீனாக்ஷி என்றும் எழுதியிருந்தேன். ஒன்றைத் தேடினால் மற்றது வராது, தனலட்சுமிக்கும் இதே கதைதான். இப்போது எல்லோருக்கும் ஒரே எழுத்துமுறை, பக்கத்தில் தெருவோ வீட்டு அடையாளமோ: 'மீனாட்சி தண்ணித்தொட்டி', 'மீனாட்சி டீச்சர்'. வாயால் எப்படிச் சொல்வேனோ அப்படியே.

எண்ணிலும் கவனம் வேண்டும். நோட்டில் பதினாலரை என்றால் 14½ என்று எழுதிவிடுவோம். போனில் 14.5 அடிக்கும்போது புள்ளி விட்டுப்போனால் 145. அது கண்ணில் பட்டுவிடும். ஆனால் ஆறே முக்காலுக்கு 6.75 அடிக்காமல் அவசரத்தில் 6.25 அடித்தால் யாருக்குத் தெரியும்? ஒரு பட்டு பிளவுஸின் கழுத்தை அப்படித்தான் வெட்டிவிட்டேன், துணிக்காசு நான்தான் கொடுத்தேன். அதிலிருந்து டேப்பை வைத்தபடியே அளவை வாய்விட்டுச் சொல்கிறேன், அடித்ததை அவர்களிடமே ஒரு தடவை காட்டுகிறேன்.

இன்னொன்று, டெலிவரி ஆனதும் குறிப்பை டெலீட் செய்யாதீர்கள். கீப்பில் அழித்தது குப்பையில் 7 நாள்தான் இருக்கும், அப்புறம் போய்விடும். ஒரு கல்யாணப் பெண்ணின் அளவை அப்படி இழந்து, மறுவீட்டு பிளவுஸுக்கு மறுபடி அளவெடுக்க வரச் சொல்லவேண்டியதாயிற்று. இப்போது முடிந்ததை, அழிக்காமல் ஒதுக்கிவைக்கும் ஆர்க்கைவில் போடுகிறேன், தேடினால் அங்கிருந்தும் வருகிறது.

இது பெண்களின் உடம்பளவு. நோட்டு மேஜையில் கிடந்த காலத்தில் வந்தவர் போனவரெல்லாம் புரட்டுவார்கள், அது எனக்கு எப்போதுமே உறுத்தல். இப்போது போனுக்கு லாக், பிள்ளைகள் விளையாட வேறு போன். ரிப்பேருக்குக் கொடுக்க நேர்ந்தால் முதலில் கணக்கை விட்டு வெளியே வந்துவிடுவேன்.

காகிதத்தை முழுசாக விட்டேனா என்றால், இல்லை. வெட்டும் மேஜையில் துணியோடு குத்திவைக்கும் சின்னச் சீட்டு அப்படியே இருக்கிறது. சாக்பொடி படிந்த கையால் போனைத் தொடவே முடியாது. போனைப் பார்த்து அளவை அந்தச் சீட்டில் எழுதுவேன், தைத்து முடிந்ததும் கிழித்துவிடுவேன்.

துணித் துண்டும் அப்படித்தான். டியூப்லைட்டில் எடுத்த போட்டோவில் மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும். அதை நம்பி விளக்குத்தூண் கடைவீதிக்குப் போய் லைனிங் வாங்கினால் மறுபடி ஒரு பஸ் ஏறவேண்டும். அதனால் விரலகலத் துண்டு வெட்டி, நம்பர் ஒட்டி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைக்கிறேன், அந்த நம்பர் போன் குறிப்பில் இருக்கும். 17 நோட்டு இருந்த இடத்தில் இப்போது அந்த டப்பா மட்டும்தான். மெஷினுக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து தைக்கிறேன்.