பருவத்துக்கு முன்பே சினை: கிடாவைப் பிரித்துச் சேர்க்கும் முறை, பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

செம்மறி மந்தையை வழக்கமான பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பே சினைப்படுத்த நான் பல ஆண்டுகளாக நம்பியிருப்பது ஒரே உத்தியைத்தான்: கிடாவைப் பிரித்து வைத்துத் திடீரென்று சேர்ப்பது.

பகல் குறையத் தொடங்குவதே செம்மறிக்கு இனப்பெருக்கப் பருவத்தின் அறிகுறி. இருட்டியதும் மூளையில் உள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரவு நீள நீள அது சுரக்கும் நேரமும் நீள்கிறது. பகல் குறைகிறது என்பதை மூளை அதைக் கொண்டே அறிந்து சூலகத்தை எழுப்புகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பகலின் நீளம் அதிகம் மாறாது. அங்கே தீவனமும் மழையுமே பெரிதும் பருவத்தை முடிவு செய்வதால் இந்த முறைக்கு அவ்வளவு வேலையில்லை.

ஒரு மாதம் கிடாவின் வாடையோ குரலோ எட்டாத தொலைவில் பெட்டைகளை வைக்கிறேன். பிறகு கிடாவை உள்ளே விட்டதும் அது மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கும். சில நிமிடங்களிலேயே பெட்டைகளின் சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரக்கும் வேகம் கூடிவிடுகிறது. இரண்டு மூன்று நாட்களில் கருமுட்டை வெளியாகிறது. ஆனால் அந்த முதல் முறை வேட்கை வெளியே தெரியாது. பலர் இந்த இடத்தில்தான் நம்பிக்கை இழந்து கிடாவைத் திருப்பி ஓட்டிவிடுகிறார்கள். பொறுத்திருக்க வேண்டும். கிடாவின் மார்பில் பூசிய சாயம் 18ஆம் நாளை ஒட்டி ஒரு கூட்டத்தின் பிட்டத்திலும், 24ஆம் நாளை ஒட்டி இன்னொரு கூட்டத்திலும் தெரியும். இடையில் சிலவற்றுக்கு ஆறே நாளில் முடியும் குறுகிய சினைச் சுழற்சி ஒன்று வந்து போவதே இந்தத் தாமதத்துக்குக் காரணம். ஏறத்தாழ ஐந்து மாதம் கழித்து ஈற்றும் அதே போலக் கூட்டமாக வருவது எனக்குப் பெரிய நிம்மதி. இரவுக் காவலை அந்த நாட்களுக்கென்று ஒதுக்கிவிடலாம்.

குறைகளும் உண்டு. பகல் மிக நீண்ட நாட்களில் சஃபோக் போன்ற குறுகிய பருவ இனங்கள் அசைந்து கொடுப்பதில்லை. டார்செட், மெரினோ எளிதில் இணங்கும். மெலிந்த ஆடுகளிடமும், இதுவரை ஈனாத இளம் பெட்டைகளிடமும் பலன் குறைவு.

காதடியில் வைக்கும் மெலடோனின் மருந்தும் நல்லதுதான். ஆனால் அதற்கும் கிடாவை ஒரு மாதத்துக்கு மேல் பிரித்தே வைக்க வேண்டும். அந்தச் சிரமம் குறையாது.

கிடாவுக்கு நிழல் மிக முக்கியம். விந்தணு உருவாக ஏறத்தாழ ஏழு வாரங்கள் பிடிப்பதால், பிரித்து வைத்த கோடையில் பட்ட வெப்பம் சேர்க்கும்போதுதான் சினைக் குறைவாக வெளிப்படும். வாய்ப்பிருந்தால் மந்தைக்குப் பழகாத கிடாவையே விடுங்கள். பெட்டைகள் அதற்கு இன்னும் வேகமாக இணங்குகின்றன.