வங்கிக் கூடத்தில் விருந்து: லண்டன் ‘தி நெட்’ விடுதி

லண்டனில் இங்கிலாந்து வங்கிக்குச் சற்றுத் தள்ளி, போல்ட்ரி தெருவில் இருக்கிறது ‘தி நெட்’ விடுதி. புது தில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், மிட்லண்ட் வங்கியின் தலைமையகத்துக்காக 1924இல் வடிவமைத்த கட்டடம் இது. விடுதியின் பெயரும் அவருடைய செல்லப்பெயர்தான். மிட்லண்ட் வங்கியை 1992இல் எச்.எஸ்.பி.சி. வாங்கியது. பிறகு அதுவும் காலி செய்துவிட, சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்த இக்கட்டடத்தை உறுப்பினர் சங்கங்களை நடத்தும் சோஹோ ஹவுஸ் நிறுவனமும் விடுதி நிறுவனமான சிடெல் குழுமமும் சேர்ந்து சீரமைத்து, 2017இல் விடுதியாகத் திறந்தன.

பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் முதல் தரத்தில் இடம்பெற்றது என்பதால், உள்ளே இருப்பதை இடித்துத் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்கும் வசதி புதிய உரிமையாளர்களுக்கு இல்லை. அந்தக் கட்டாயமே நன்மையாக முடிந்திருக்கிறது. பச்சை நிற ஆப்பிரிக்கக் கல் போர்த்திய 92 தூண்கள் நிற்கும் தரைத்தளக் கூடத்தில் பல உணவகங்கள் அடுத்தடுத்து இயங்குகின்றன; ஆனால் அவற்றுக்கிடையே புதிதாகச் சுவர் எழுப்பவில்லை. காசாளர்கள் உட்கார்ந்து பணம் எண்ணிக் கொடுத்த வால்நட் மரத் தடுப்புகளே இன்று ஓர் உணவகத்துக்கும் அடுத்ததற்கும் எல்லையாக நிற்கின்றன. வரிசையில் நின்று காசோலையை நீட்டிய பக்கம் எது, வாங்கிய பக்கம் எது என்பதை இன்றும் கண்டுகொள்ளலாம். வங்கியாக இருந்ததை மறைக்காமல் உணவகமாக்கிய இந்தத் திறமைக்காகவே இவ்விடத்தைப் பார்க்க வேண்டும்.

மேல்தளங்களில் இருந்த அலுவலகங்கள் தங்கும் அறைகளாகிவிட்டன. அங்கே 1920களின் செல்வந்தர் வீட்டுப் பாணியில் கட்டிலும் திரைச்சீலையும் அமைத்திருப்பது அழகுதான் என்றாலும், வங்கியில் ஒருபோதும் இல்லாத ஒரு பழமையை வலிந்து வரவழைத்ததாகவே எனக்குப் படுகிறது. நிலவறைப் பெட்டகத்தில் அத்தகைய நடிப்பு இல்லை: கனத்த வட்டக் கதவுக்கு உள்ளே, சுவர் முழுக்க 3,000க்கும் மேற்பட்ட எஃகுப் பாதுகாப்புப் பெட்டிகளை அப்படியே விட்டுவைத்து, நடுவில் மதுக்கூடம் அமைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் சிறந்த அறை அதுவே. ஆனால் அதை விடுதி நடத்தும் தனியார் சங்கத்தின் உறுப்பினர்களுக்கான இடமாக ஒதுக்கியிருப்பதை என்னால் பாராட்ட முடியவில்லை.

கூடத்தின் நடுவே இசை மேடை இருப்பதாலும், கல்லும் உயர்ந்த கூரையும் ஒலியை எதிரொலிக்கும் என்பதாலும், கட்டடத்தைப் பார்க்க விரும்புவோருக்குப் பகல் வேளையே உகந்தது. விலையோ சுற்றியுள்ள வங்கிகளில் வேலை செய்வோரை மனத்தில் வைத்து நிர்ணயித்தது போலிருக்கும்; ஒரு காபியோடு நிறுத்திக்கொண்டாலும் தூண்களையும் தடுப்புகளையும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.