அறக்கட்டளைக்கு ஆண்டுச் சந்தா கட்டிச் சட்ட ஆலோசனை: எங்கள் அனுபவம்

ஆண்டுச் சந்தா கட்டி ஒரு வக்கீல் அலுவலகத்தை வைத்துக்கொண்டால் பயன் உண்டா என்று, சிறிய அறக்கட்டளை நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டார். எங்களுக்குச் சில ஆண்டுகளாக அந்த ஏற்பாடு இருக்கிறது. 12ஏ (அறக்கட்டளையின் வரிவிலக்குப் பதிவு), 80ஜி (நன்கொடை தருபவருக்கான வரிச்சலுகை) எல்லாம் அவருக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பெரிய உதவி வாடகை விவகாரத்தில் கிடைத்தது. மாலை வகுப்பு நடத்த, அறங்காவலர் ஒருவரின் தம்பி தன் கட்டடத்தை வாடகைக்குத் தர முன்வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அறங்காவலருக்கோ அவருடைய உறவினருக்கோ முறையற்ற ஆதாயம் போனால், அப்போது நடப்பில் இருந்த வருமான வரிச் சட்டம் 1961-இன் 13-ஆம் பிரிவின்படி வரிவிலக்குக்கே ஆபத்து. அந்த அலுவலகத்து வக்கீல் அம்மையார் பொறுமையாக வழி சொன்னார். அக்கம்பக்கத்து வாடகை நிலவரத்தை எழுத்தில் வாங்குங்கள். சம்பந்தப்பட்ட அறங்காவலர் உறவை முதலிலேயே அறிவிக்கட்டும், விவாதத்தின்போது வெளியே இருக்கட்டும். அவர் எழுந்து போனதையும் திரும்பி வந்ததையும் நேரத்தோடு மினிட் நோட்டில் (கூட்டக் குறிப்பேட்டில்) எழுதுங்கள். தணிக்கையில் அந்தப் பக்கத்தைப் படித்த ஆடிட்டர் மறுகேள்வி கேட்கவில்லை. கெடு தேதிகளிலும் குறை இல்லை. 2026 மார்ச் 31-உடன் முடியும் வரிவிலக்குப் பதிவைப் புதுப்பிக்க 2025 செப்டம்பர் 30-க்குள் மனு போட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

என் கோபம் வேறு. எழுத்தில் வருவதெல்லாம் ஆங்கிலம். எங்கள் அறக்கட்டளைப் பத்திரம் தமிழில் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது. மினிட் நோட்டும் தமிழ்தான். வெளிநாட்டு நன்கொடை பற்றிக் கேட்டதற்குப் பக்கம் பக்கமாக ஓர் ஆங்கிலக் குறிப்பு வந்தது. எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. "படித்துப் புரிந்துகொண்டேன் என்று எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்கீழ், அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதி பெற்று, அறங்காவலரை நீக்கச் சொல்லி வழக்குத் தொடரலாம். அப்போது கூண்டில் நிற்பவர் அவர்தானே, குறிப்பு எழுதியவர் அல்லவே!

இத்தனைக்கும் அந்தக் குறிப்பின் சாரம் நாலு வரி. வெளிநாட்டுப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு அந்தப் பணத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதைத் தமிழில் எழுத என்ன தடை? பலமுறை கேட்டும், மொழிபெயர்ப்பு சந்தாவில் அடங்காது என்ற ஒரே பதில்தான்.

ஆகவே இந்த ஆண்டு புதுப்பிக்கவில்லை. வாடகை போன்ற சிக்கல் மறுபடி வந்தால், அதே அம்மையாரிடம் தனிக் கட்டணம் கட்டிக் கேட்போம். நண்பர் சந்தா கட்டுவதாக இருந்தால், ஆலோசனை தமிழில் வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு கட்டட்டும்.