லிக்விட் கூலர் வாங்கும் முன் அறையின் சூட்டை அளந்து பாருங்கள்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குத் தொழில். மதுரையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூட்டை இறக்கத் தொடங்கும். மே மாதத்தில் அந்த நேரத்திலும் அறைக்குள் 35 டிகிரி இருக்கும். எடிட் செய்த படத்தைக் கம்ப்யூட்டர் இறுதி வீடியோவாக மாற்றுகிற ரெண்டர் வேலையை நான் போடுவதும் அந்த நேரத்தில்தான். கம்ப்யூட்டர் ப்ராசஸரின் சூட்டைத் தண்ணீரால் இறக்குகிற லிக்விட் கூலர் இந்த அறையில் இதுவரை இரண்டு பார்த்துவிட்டேன். ஒன்று இரண்டே கால் வருஷத்தில் படுத்துவிட்டது. இன்னொன்று இரண்டரை வருஷம் தாண்டியும் நன்றாக ஓடுகிறது. எந்த ஏ.ஐ.ஓ. (ப்ராசஸர்மேல் உட்காரும் பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒரே செட்டாக வரும் லிக்விட் கூலர்) வாங்கலாம் என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒவ்வொரு முறையும் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2021 பிப்ரவரியில் ரைசன் 9 5900எக்ஸ் போட்டு மெஷின் கட்டினேன். 12 கோர் ப்ராசஸர். பெட்டிமேல் 105 வாட் என்று இருந்தாலும், எல்லாக் கோரும் ஓடும்போது 142 வாட் வரை இழுக்கும். இதற்குக் கூலர் கூடவே வராது, தனியாக வாங்க வேண்டும். கடையில் ஒரு 240 மில்லிமீட்டர் ஏ.ஐ.ஓ. எடுத்துக் கொடுத்து, அவர்களே மாட்டியும் தந்தார்கள். கேபினட்டின் முன்பக்கம் மூன்று ஃபேன் மாட்ட இடம் இருந்தது. ரேடியேட்டரை அதில் கீழ் இரண்டில் மாட்டியிருந்தார்கள். அது தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது.

2023 மே மாதம், கத்திரி வெயில் நேரம். மறுநாள் காலை ஒரு வீட்டுக்கு முழுப் படமும் கொடுத்தாக வேண்டும். அதற்கு முந்தைய சில வாரங்களாகவே கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளே 'களக் களக்' என்று சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். நானும் கண்டுகொள்ளவில்லை. அன்று ராத்திரி ரெண்டர் போட்ட சில விநாடிகளிலேயே ப்ராசஸர் 90 டிகிரியைத் தொட்டது. வேகம் சரசரவென்று இறங்கியது. அப்புறம் திரை அணைந்தது.

பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி, ரேடியேட்டருக்குப் போகிற இரண்டு குழாயையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒன்று அப்போதுதான் காபி ஊற்றிய டம்ளர் மாதிரி சுட்டது. மற்றதில் அறையின் சூடுதான் இருந்தது. தண்ணீர் ஒழுங்காகச் சுற்றினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் இருக்கும், போகிற தண்ணீருக்கும் வருகிற தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆக, சுற்று நின்றுவிட்டது. கூலர் வைத்திருக்கிற யாரும் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. எதைத் தொட்டாலும் கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேனில் மட்டும் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஆனது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஏ.ஐ.ஓ.வை ஆலையிலேயே நிரப்பி மூடி அனுப்புகிறார்கள். ஆனாலும் ரப்பர் குழாயின் சுவர் வழியாக வருஷக் கணக்கில் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியே போகும். எந்த கம்பெனியின் கூலருக்கும் இது உண்டு, சூட்டில் இன்னும் வேகமாக நடக்கும். போன தண்ணீரின் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். காற்று எப்போதும் சுற்றிலேயே உயரமான இடத்தில் போய் நிற்கும். அந்த உயரமான இடம் ரேடியேட்டரின் தொட்டியாக இருந்தால் கவலையில்லை. என் மெஷினில் ரேடியேட்டர் கீழே, பம்ப் மேலே. காற்று முழுக்க பம்புக்குள் சேர்ந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் சுற்றிய பம்ப் தேய்ந்து நின்றுவிட்டது.

ஆகவே மாட்டும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்கிறதா? கேபினட்டின் கூரையில் மாட்டினால் கேட்கவே வேண்டாம். முன்பக்கம் மாட்டினால், குழாய்கள் கீழ்ப்பக்கமாக வரும்படி வைத்தால் காற்று மேல் தொட்டியிலேயே தங்கிவிடும். குழாயின் நீளம் போதவில்லை என்றால் மேல்பக்கமாக வைத்தாலும் தப்பில்லை, விளிம்பு பம்புக்கு மேலே இருந்தால் சரி. கேபினட்டின் தரையில் மட்டும் ரேடியேட்டரை மாட்ட விடாதீர்கள்.

வாரன்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் 24 நாள் ஆனது. முகூர்த்த மாசத்தில் 24 நாள் மெஷின் இல்லாமல் இருக்க முடியுமா? நண்பரிடமிருந்து ஒற்றை ஃபேன் வைத்த சாதாரண ஏர் கூலர் ஒன்றை வாங்கி மாட்டினேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கக்கூடிய செட்டிங்ஸான பயாஸில் 65 வாட் ஈகோ மோட் போட்டேன். அதைப் போட்டால் ப்ராசஸர் 142 வாட்டுக்குப் பதில் 88 வாட்டோடு நின்றுவிடும். வழக்கமாக 2 மணி 10 நிமிஷம் எடுக்கிற ரெண்டர் 2 மணி 25 நிமிஷம் எடுத்தது. சூடு 72 டிகிரியைத் தாண்டவில்லை. கால் மணி நேரம்தான் இழப்பு. இதை முதல் நாளே தெரிந்துகொண்டிருந்தால் அந்த 240 கூலரை வாங்கியே இருக்க மாட்டேன். யார் என்னிடம் கூலர் பற்றிக் கேட்டாலும், முதலில் ஈகோ மோட் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்படியென்றால் மறுபடியும் ஏன் லிக்விட் கூலர் வாங்கினேன்? முகூர்த்தம் நெருக்கமாக வரும் மாதங்களில் ஒரே ராத்திரியில் நான்கு ரெண்டர் வரிசையில் நிற்கும். நான்கு கால் மணி சேர்ந்தால் ஒரு மணி நேரம். அதோடு அறையின் மறு மூலையில் என் பையன் தூங்குவான். சத்தம் எனக்கு முக்கியம். வாரன்டியில் வந்த 240ஐத் தம்பியின் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, 2023 ஜூனில் ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 2 வாங்கினேன், 280 அளவு.

280 எடுத்ததற்குக் கணக்கு உண்டு. 240 என்பது இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன், காற்று படும் முகம் 288 சதுர செ.மீ. 280 என்பது இரண்டு 140 ஃபேன், 392 சதுர செ.மீ. 360 என்பது மூன்று 120 ஃபேன், 432. அதாவது 240லிருந்து 280க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. அங்கிருந்து 360க்குப் போனால் கூடுவது பத்து சதவீதம்தான். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும் என்பதால் சத்தமும் குறைவு. கடைகளில் 280ஐ யாரும் எடுத்துக் காட்டுவதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். உங்கள் கேபினட்டில் 140 ஃபேன் மாட்டத் துளை இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

இந்தக் கூலரின் ரேடியேட்டர் 38 மில்லிமீட்டர் தடிமன். பெரும்பாலான ஏ.ஐ.ஓ.க்களில் 27தான் இருக்கும். ஃபேனோடு சேர்த்தால் ஆறரை செ.மீ. போய்விடும். கூரையில் மாட்டினால் ரேமில் இடிக்கும் என்று தெரிந்ததால் டேப் வைத்து அளந்து முன்பக்கத்துக்கு முடிவு செய்தேன். பம்ப் மேல் ஒரு குட்டி ஃபேன் மதர்போர்டின் மின்சுற்றுப் பக்கம் காற்று ஊதுகிறது. பம்ப், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு வயர். திரை கிடையாது, நான் வாங்கியதில் விளக்கும் கிடையாது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. கொடுத்த காசு முழுக்க ரேடியேட்டருக்கும் பம்புக்கும் போயிருக்கிறது.

மாட்டி முதல் நாள் ரெண்டர் போட்டேன். 84 டிகிரி. பழையது புதிதாக இருந்தபோது 88 காட்டும். இவ்வளவு செலவுக்கு நான்கே டிகிரியா என்று மனசு விட்டுப்போனது. அன்று ஏதோ தோன்றி, பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது அறைக்காக வாங்கிய டிஜிட்டல் வெப்பமானியைக் கேபினட்டின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அறையின் நடுவில் 35 காட்டியது. கேபினட்டின் வாயில் 41.

காரணம் மேஜை. கம்ப்யூட்டர் மேஜை என்று விற்பதில் கேபினட் வைக்க மூன்று பக்கமும் பலகை அடித்த ஒரு பெட்டி இருக்குமே, அதற்குள்தான் இரண்டு வருஷமும் வைத்திருந்தேன். பின்னால் ஊதிய சூடான காற்று சுவரில் முட்டி, பெட்டிக்குள்ளேயே சுற்றி, மறுபடி முன்னால் வந்துகொண்டிருந்தது. கேபினட்டை வெளியே எடுத்து, ஒரு மரப் பலகைமேல் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். அதே ரெண்டர், 78 டிகிரி. செலவு செய்து வாங்கிய கூலர் நான்கு டிகிரி குறைத்தது. இடம் மாற்றியது ஆறு டிகிரி குறைத்தது.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லிக்விட் கூலர் ஏசி இல்லை. தண்ணீர் சூட்டை ப்ராசஸரிடமிருந்து வாங்கி ரேடியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு போகிறது, ரேடியேட்டர் அதை அறையின் காற்றிடம் கொடுக்கிறது. அறைக் காற்று 35 என்றால் அந்தத் தண்ணீர் எந்த நாளும் 35க்குக் கீழே போகாது. குளிர் நாட்டுக்காரர்கள் 20, 22 டிகிரி அறையில் சோதித்துப் போடுகிற எண்ணைப் பார்த்துவிட்டு நம் ஊரில் அதே எண்ணை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அவர்கள் எண்ணிலிருந்து அவர்கள் அறையின் சூட்டைக் கழித்து, உங்கள் அறையின் சூட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய சரியாக வரும். போன வருஷம் அறைக்கு ஏசி போட்டேன். 25 டிகிரியில் ரெண்டர் போட்டால் 68. 35 டிகிரி அறையில் 78 காட்டியபோதும் வித்தியாசம் 43, இப்போதும் அதே 43தான்.

சோதித்துப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ரெண்டர் தொடங்கியதும் ப்ராசஸர் ஒரே தாவாக அறுபதுகளுக்குப் போகும். அங்கிருந்து மெதுவாக ஏறும், ஏனென்றால் உள்ளே இருக்கிற தண்ணீர் முழுக்கச் சூடாக வேண்டும். எனக்கு நிலைக்கு வரக் கால் மணி நேரம் ஆகிறது. ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு 'அறுபத்தைந்துதான் காட்டுகிறது' என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். இந்தத் தாமதம் நமக்கு நல்லதும்கூட. ஒரு கிளிப்பைத் திறந்து மூடுகிற நேரத்தில் தண்ணீர் சூடாவதே இல்லை, ஃபேன் அதற்கெல்லாம் அலற வேண்டியதில்லை. பயாஸில் ஃபேன் வேகம் ஏறுவதற்குச் சில விநாடி தாமதம் வைக்க ஒரு இடம் இருக்கும், அதைக் கூட்டி வைத்தேன். அதற்கு முன் விநாடிக்கு ஒரு தரம் ஏறி இறங்கிய சத்தம் அடங்கி, இப்போது பையன் அசையாமல் தூங்குகிறான்.

முன்பக்கம் மாட்டியதில் ஒரு விலை உண்டு. ரேடியேட்டர் வழியாக வரும் சூடான காற்றுதான் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கிடைக்கும். எனக்கு அதில் மூன்று, நான்கு டிகிரி கூடியது. கேம்தான் முக்கியம் என்பவர்கள் கூரையில் மாட்டுவதே மேல்.

தூசிதான் பெரிய எதிரி. ஃபேனுக்கும் ரேடியேட்டர் தகடுக்கும் நடுவில் ஆறு மாசத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளியே படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை, கோடை தொடங்கும் முன் ஒரு தடவை ஃபேனைக் கழற்றி, பெயின்ட் பிரஷால் மெதுவாகத் தட்டி, புளோயரால் ஊதுகிறேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது கண்டபடி சுற்றி பேரிங் கெடும். ஒரு முறை இதைத் தள்ளிப்போட்டேன், வித்தியாசம் 43லிருந்து 49 ஆகிவிட்டது. ஊதியதும் இறங்கியது.

தண்ணீர் குறைந்தால் திறந்து ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். பெரும்பாலான ஏ.ஐ.ஓ.க்களில் ப்ராசஸர்மேல் உட்காருவது செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அரிக்கும். அதைத் தடுக்கிற மருந்து கலந்த திரவம்தான் உள்ளே இருக்கிறது. வேறு தண்ணீர் கலந்தால் அந்தக் காப்பு போய், செம்பின் முடி போன்ற இடுக்குகளில் கசடு அடைத்துக்கொள்ளும்.

வாரன்டியில் மூன்று, ஐந்து, ஆறு வருஷம் தருகிறவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். ஒழுகி மற்ற பாகம் கெட்டால் அதற்கும் பொறுப்பேற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒழுகுவது அபூர்வம், ஆனால் கீழே இருப்பது கிராஃபிக்ஸ் கார்டு. மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்கு ஏற்ற பிராக்கெட் பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள், பழைய சரக்கில் இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு உரியது இல்லாமல் இருக்கலாம். 65 வாட் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள், பெரும்பாலும் கேம் மட்டும் ஆடுபவர்கள், இரண்டு ஃபேன் வைத்த நல்ல ஏர் கூலர் வாங்கினால் போதும். அதில் பம்ப் இல்லை, தண்ணீர் இல்லை. ஃபேன் போனால் ஃபேனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கேபினட்டின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். மாசத்துக்கு ஒரு தடவை, அரை மணி ரெண்டர் ஓடிய பிறகு, அறையின் சூடு, ப்ராசஸரின் சூடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றையும் எழுதுகிறேன். கோடையா மழைக்காலமா என்பது அந்த வித்தியாசத்தைத் தொடுவதில்லை. அது ஏறினால் முதலில் தூசி, அப்புறம் ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவுகிற பேஸ்ட், அதற்கும் அடங்காவிட்டால் பம்ப் என்று வரிசையாகப் பார்க்கலாம், திரை அணையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2023 ஜூலையில் முதல் வரி: அறை 34, ப்ராசஸர் 77, வித்தியாசம் 43. இந்த மாசம் எழுதியது: அறை 29, ப்ராசஸர் 73, வித்தியாசம் 44.