யூரெயில் பாஸ்: மாணவர்களுக்கு எங்கே லாபம், எங்கே நஷ்டம்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரே பாஸில் ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களில் போக உதவும் யூரெயில் பாஸ் காசைக் கரியாக்கும் சாமான் இல்லை. ஆனால் விளம்பரத்தில் காட்டுகிறார்களே, முதுகில் பையை மாட்டிக்கொண்டு கண்ணில் பட்ட ரயிலில் எல்லாம் ஏறி உட்காரலாம் என்று, அந்தச் சுதந்திரம் பாதி ஐரோப்பாவில்தான் செல்லும். எந்தப் பாதி என்று தெரிந்து வாங்கினால் லாபம். தெரியாமல் வாங்கினால் பாஸுக்கும் காசு, அதற்கு மேல் ரிசர்வேஷனுக்கும் காசு.

நான் போனது கோடை இன்டர்ன்ஷிப்புக்கு, ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஆகன் நகரத்துக்கு. வாரநாளில் லேப், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ரயில் நிலையம். ஊர் சுற்றுவதற்கென்றே அமைந்த இடம் அது. ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றின் எல்லையும் ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் சந்திக்கின்றன, அந்தக் கல்லைச் சுற்றி நாலு தப்படி வைத்தால் மூன்று நாடு பார்த்த கணக்கு. லேப் வேலை முடிந்த பிறகு கையில் இருந்த நாட்களுக்குத்தான் பாஸ் வாங்கினேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு விற்பது இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு விற்பது யூரெயில். மாஸ்டர்ஸ் படிக்க வந்து ரெசிடன்ஸ் பெர்மிட்டோடு அங்கேயே இருக்கும் நண்பர்கள் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும், அதில் தாங்கள் வசிக்கும் நாட்டின் ரயிலில், நாட்டை விட்டு வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான். கோடைக்கு மட்டும் வந்து போகிற நம் மாதிரி ஆட்களுக்கு யூரெயில், இந்தக் கட்டுப்பாடு கிடையாது. குளோபல் பாஸ் 33 நாடுகளில் செல்லும். 27 வயது வரை யூத் விலை. ஒரு மாதத்துக்குள் நமக்குப் பிடித்த 7 நாட்களைத் தேர்ந்தெடுத்துப் பயணம் செய்யும் பாஸ், இரண்டாம் வகுப்பு, யூத் விலையில் நான் பார்த்தபோது சுமார் 286 யூரோ, நம் காசுக்கு ஏறக்குறைய 28,000 ரூபாய்.

இதை 7 ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 41 யூரோ வருகிறது. இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். அன்றைக்குப் போக வேண்டிய தூரத்துக்கு டிக்கெட் 41 யூரோவுக்குக் கீழே கிடைத்தால் பாஸைத் தொடவே கூடாது, தனி டிக்கெட் வாங்கிவிட வேண்டும். கொலோனிலிருந்து பிரஸ்ஸல்ஸ், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் மாதிரிக் குறுகிய ஓட்டங்களுக்கு முன்கூட்டியே பார்த்தால் மலிவு டிக்கெட் மாட்டும். செக், ஹங்கேரி, போலந்துக்குள்ளே டிக்கெட்டே அவ்வளவு விலை இல்லை, அங்கே ஒரு பயண நாளைச் செலவழிப்பது வீண். பாஸ் தன் காசை மீட்பது நீண்ட தூரத்திலும், கடைசி நேரத்தில் முடிவு செய்யும் பயணத்திலும், சுவிட்சர்லாந்திலும்தான்.

சுவிட்சர்லாந்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஒரு நாளுக்காகவே மறுபடியும் இந்த பாஸ் வாங்குவேன். கூர் என்ற ஊரிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியின் தீரானோவுக்கு ஒரு மீட்டர் கேஜ் ரயில் போகிறது. பெர்னினா எக்ஸ்பிரஸ் என்று கூரை வரை கண்ணாடி வைத்த பெட்டிகள் விடுகிறார்கள், அதற்குக் கட்டாய ரிசர்வேஷன், அதற்குத் தனிக் காசு. அதே தண்டவாளத்தில், அதே பாலங்கள் மேல், சாதாரண உள்ளூர் ரயிலும் ஓடுகிறது. அதற்கு ரிசர்வேஷன் கிடையாது, பாஸைக் காட்டினால் போதும். இன்னொரு விஷயம், கண்ணாடிப் பெட்டியில் ஜன்னல் திறக்காது, சாதாரண ரயிலின் சில பெட்டிகளில் மேல் பாதிக் கண்ணாடியைக் கீழே இறக்கலாம். போட்டோ எடுப்பவர்களுக்கு எது வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லாண்ட்வாசர் பாலம் வரும்போது ஜன்னலிலிருந்து தலையைக் கொஞ்சம் நீட்டினால் (டிடிஆர் இல்லாத சமயம் பார்த்து) முன்னால் போகும் சிவப்புப் பெட்டிகள் வளைந்து நேராக மலைச் சுவருக்குள் நுழைவது தெரியும், பாலம் முடிகிற இடத்திலேயே சுரங்கம் ஆரம்பிக்கிறது. 65 மீட்டர் உயரம், கீழே ஓடுகிற ஆறு நூல் மாதிரி. அதற்கப்புறம் ரயில் மலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறுகிறது, சற்று முன் இடது பக்கம் பார்த்த தேவாலயம் வலது பக்கம் வரும், மறுபடி இடது பக்கம், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கீழே. உச்சியில் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையம் 2,253 மீட்டர். ஜூலை மாதம் சட்டையோடு இறங்கினால் பல் கிட்டிக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். நம் ஊட்டி ரயில் போல இதில் பல்சக்கரம் கிடையாது, வெறும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே ஆயிரம் மீட்டருக்கு 70 மீட்டர் என்ற சரிவில் ஏறுகிறது. 1910-இல் முழுப் பாதையும் திறந்திருக்கிறார்கள், 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பாஸ் இல்லாமல் இந்தப் பயணத்துக்கு முழு விலை கொடுத்தால் ஒரு மாணவன் அந்த வாரம் பட்டினிதான். சுவிட்சர்லாந்தில் ஹோட்டல் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் மீக்ரோ, கோப் கடைகளில் ரொட்டியும் தயிரும் வாங்கி, ஊர்ச் சதுக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டால் சமாளிக்கலாம். குடிக்கக் கூடாத குழாயில் மட்டும் எச்சரிக்கைப் பலகை இருக்கும், மற்றது எல்லாம் நல்ல தண்ணீர். ஒரு எச்சரிக்கை, யுங்ஃபிராவ் போன்ற உச்சி ரயில்களுக்கு பாஸில் தள்ளுபடிதான், இலவசம் இல்லை.

ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளில் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் ரிசர்வேஷன் கட்டாயம் இல்லை, ஜெர்மனியின் அதிவேக ரயிலான ஐசிஇ உட்பட. இதன் அருமை ஜெர்மனியில் ரயில் தாமதமாகும்போதுதான் தெரியும். ஜெர்மனி என்றால் கடிகாரம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2024-இல் அங்கே நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 விழுக்காடுதான், அதிலும் ஆறு நிமிடத்துக்குள் தாமதம் என்றால் தாமதமே இல்லை என்று கணக்கு. மலிவு டிக்கெட் வைத்திருப்பவர்கள் இணைப்பு ரயில் போய்விட்டால் தகவல் மேசையில் வரிசையில் நிற்கிறார்கள், பாஸ்காரன் அடுத்த ரயில் எது என்று பார்த்து ஏறிவிடலாம். கொலோனில் இப்படி இடையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் வருத்தப்படவே வேண்டாம், நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பேராலயம் நிற்கிறது. 1248-இல் ஆரம்பித்து 1880-இல் முடித்த கட்டடம், 157 மீட்டர். தெற்குக் கோபுரத்துக்கு 533 படி ஏற வேண்டும், முதுகுப்பையை லாக்கரில் வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

இப்போது மறுபாதி. பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயில்கள், ஸ்பெயினின் ஏவிஇ, நாடு தாண்டி ஓடும் யூரோஸ்டார் என்று அதிவேக ரயில்கள் எல்லாவற்றுக்கும் பாஸ் இருந்தாலும் ரிசர்வேஷன் கட்டாயம், ஒவ்வொன்றும் சுமார் 10 யூரோவிலிருந்து 35 யூரோ வரை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டு இலையும் போட்டுவிட்டு, சாம்பாருக்குத் தனியாகக் கல்லாவில் கட்டிவிட்டு வாருங்கள் என்பது போல இருக்கிறது. காசு கூடப் பரவாயில்லை, பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடம் யூரோஸ்டாரிலும் டிஜிவியிலும் குறைவு. ஆகஸ்ட் சனிக்கிழமைக்கு அதே வாரம் தேடினால் ரயிலில் இடம் இருக்கும், பாஸுக்கு இடம் இருக்காது. இத்தாலியில் இதற்கு ஒரு வழி உண்டு, ரீஜனாலே என்ற மெது ரயிலுக்கு ரிசர்வேஷன் வேண்டாம். ஆனால் அந்த டிக்கெட்டே மலிவு என்பதால் பாஸுக்கு வேலை இல்லை. இத்தாலியின் இன்னொரு அதிவேக நிறுவனமான இத்தாலோவில் பாஸ் செல்லவே செல்லாது. ஆகவே பாரிஸ், ரோம், பார்சிலோனா மூன்றுதான் உங்கள் திட்டம் என்றால் யூரெயில் வேண்டாம், இரண்டு மாதம் முன்பே தனித்தனி டிக்கெட் போடுங்கள்.

பாரிஸுக்கு நானும் அப்படித்தான் தனி டிக்கெட்டில் போனேன். அருங்காட்சியகங்களில் லூவர் செவ்வாய்க்கிழமை மூடல், ஓர்சே திங்கட்கிழமை மூடல், இதைப் பார்த்துத் தேதி போடுங்கள். ஈஃபில் கோபுரத்தில் லிஃப்டுக்குப் பதில் இரண்டாம் தளம் வரை 674 படி ஏறினால் டிக்கெட் குறைவு, வரிசையும் குறைவு. ஆனால் பசி என்று வந்தால் காரே து நோர் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்து லா ஷப்பேல் பக்கம் போய்விடுங்கள். ஈழத்து மக்கள் கட்டி எழுப்பிய தெரு, நகைக்கடை, புடவைக்கடை, மளிகை எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர்ப்பலகை. பல வாரமாக ரொட்டியும் சீஸும் தின்று நாக்கு செத்துப்போயிருந்த எனக்கு, கல்லில் கொத்து ரொட்டி கொத்துகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. "இந்தியாவோ தம்பி? படிக்க வந்தனீங்களோ?" என்று கேட்ட அண்ணன், நான் ஆம் என்று சொல்லி முடிப்பதற்குள் தட்டில் இன்னொரு கரண்டி ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிவிட்டார். பாரிஸில் நான் சாப்பிட்டதிலேயே மலிவும் அதுதான், நிறைவும் அதுதான்.

இரவு ரயில்தான் பாஸின் இன்னொரு பலம். இரவு பன்னிரண்டுக்கு முன் கிளம்பி மறுநாள் காலை சேருகிற ரயிலுக்கு, நடுவில் வேறு ரயில் மாறாதவரை, கிளம்பிய நாள் ஒன்றுதான் கணக்கில் போகும். வாரத்தில் சில நாள் பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆகன் வழியாக வியன்னாவுக்கு நைட்ஜெட் என்ற இரவு ரயில் ஓடியது, எனக்கு வீட்டு வாசலிலேயே வண்டி. இருக்கைக்கு ரிசர்வேஷன் குறைவு, ஆனால் உட்கார்ந்தே போனால் மறுநாள் ஊர் பார்க்க மாட்டீர்கள், பெஞ்சு தேடுவீர்கள். ஆறு பேர் படுக்கும் கூஷெட் எடுங்கள். நம்ம ஸ்லீப்பர் பெர்த்தில் படுத்து வளர்ந்தவர்களுக்கு அது சொர்க்கம், வெள்ளை விரிப்பு, தலையணை, காலையில் இரண்டு பன், வெண்ணெய், ஜாம், காபி. ஒரு இரவு ஹாஸ்டல் வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டால் ரிசர்வேஷன் காசு உறுத்தாது. வியன்னாவில் இறங்கினால் பெல்வதேர் அரண்மனை நடக்கிற தூரம், கிளிம்டின் 'முத்தம்' ஓவியம் அங்கேதான். அங்கே மலிவான நின்று பார்க்கும் டிக்கெட்டில் ஓபரா பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் ஜூலை, ஆகஸ்டில் அரசு ஓபராவுக்கு விடுமுறை. கோடை மாணவர்களுக்கு அது கொடுப்பினை இல்லை.

ஆப் பற்றி இரண்டு வரி. பாஸ் முழுக்க ரெயில் பிளானர் ஆப்பில்தான் இருக்கிறது. ஏறுவதற்கு முன் அந்தப் பயணத்தைச் சேர்க்க வேண்டும், பிறகு வரும் கியூஆர் கோடைத்தான் டிடிஆர் ஸ்கேன் செய்வார், சில சமயம் பாஸ்போர்ட்டும் கேட்பார். சில நாளுக்கு ஒரு முறையாவது ஆப் இணையத்தோடு இணைய வேண்டும், போன் உயிரோடும் இருக்க வேண்டும். பவர் பேங்க் இல்லாமல் இந்த பாஸ் வாங்குவதில் அர்த்தமே இல்லை. இன்னொன்று, ஊருக்குள் ஓடும் மெட்ரோ, டிராம், பஸ் பாஸில் வராது. பெர்லினில் புறநகர் ரயிலான எஸ்-பான் வரும், மெட்ரோவான உ-பான் வராது, இரண்டும் ஒரே நிலையத்தில் இருக்கும், படியிறங்கும் முன் பலகையைப் பாருங்கள். வெனிஸில் ஒரு முறை படகு ஏறினால் 9.50 யூரோ, அங்கே கால்தான் வாகனம். 29 வயது வரை ரோலிங் வெனிஸ் அட்டை வாங்கினால் மூன்று நாள் படகு டிக்கெட் விலை நன்றாகக் குறையும்.

ஜெர்மனியில் தங்கி வார இறுதியில் மட்டும் சுற்றுவதாக இருந்தால் யூரெயிலை மறந்துவிட்டு டாய்ச்லாண்ட்-டிக்கெட் எடுங்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஆரம்பித்தார்கள், 2025-இல் 58, 2026-இல் 63. மாதம் முழுக்க நாட்டின் எல்லா உள்ளூர் ரயில், டிராம், பஸ், எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரைக்கும் செல்லும். ஐசிஇ போன்ற நெடுந்தூர ரயில்களில் மட்டும் ஏற முடியாது. ரைன் ஆற்றங்கரையில் கோட்டை கோட்டையாகப் பார்த்துக்கொண்டு கோப்லென்ஸ், பிங்கன் போவதற்கு மெது ரயில்தான் நல்லதும்கூட. ஒரு கொக்கி இருக்கிறது, இது சந்தா. மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதக் காசும் போய்விடும், ஊருக்கு விமானம் ஏறுகிற பரபரப்பில் மறக்கிற விஷயம் இது.

யூரெயிலில் அவ்வப்போது தள்ளுபடி விற்பனை வரும். வாங்கிய 11 மாதத்துக்குள் தொடங்கினால் போதும் என்பதால், விசா கையில் வருவதற்கு முன்பே விலை குறையும்போது வாங்கி வைக்கலாம், ஆனால் ஆக்டிவேட் மட்டும் செய்துவிடாதீர்கள். தள்ளுபடி பாஸ்களுக்குத் திருப்பித் தரும் விதி வேறு மாதிரி இருக்கலாம், கார்டைத் தேய்ப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.