மென்பொருள் நிறுவல் பாதியில் நின்றால் என்ன மிஞ்சும்? ஆப்ட், டிஎன்எஃப், விண்டோஸ் இன்ஸ்டாலர்

டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்கு மனப்பாடமான வரி ஒன்று உண்டு: நிறுவல் சொதப்பினால், உள்ளே வேலை செய்யும் டிபிகேஜி கருவி பிழைக் குறியீடு 1 கொடுத்தது என்று நிறுவும் கருவியான ஆப்ட் கடைசியில் சொல்லிவிட்டு நிற்கும். அந்த வரியை அப்படியே தேடிப் பயனில்லை. எந்தப் பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) சொதப்பினாலும் அதே வரிதான். உண்மைக் காரணம் சில வரிகள் மேலே புதைந்திருக்கும். திரையில் ஓடிப்போயிருந்தால் /வார்/லாக்/ஆப்ட்/டெர்ம்.லாக் கோப்பில் கிடைக்கும். ஆப்டின் பெரிய குறை இதுதான்.

ஆனால் உள்ளே நடக்கும் வேலை நேர்த்தியானது. டிபிகேஜி முதலில் கோப்புகளைப் பிரித்து வைக்கும், பிறகு கான்ஃபிகர் செய்யும், அதாவது இயங்கத் தயாராக்கும். இணையதளங்களுக்கான போர்ட் 80-ஐ வேறொரு சர்வர் பிடித்திருப்பதால் புதிய சர்வீஸ் கிளம்பவில்லை, கான்ஃபிகர் செய்யும்போது ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட் பிழையோடு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். டிபிகேஜி -எல் பட்டியலில் அந்தப் பேக்கேஜ் 'ஐஎஃப்' என்று நிற்கும்: பாதி கான்ஃபிகர் ஆனது. அதை நம்பியிருக்கும் பேக்கேஜ்கள் 'ஐயு' (பிரித்து வைத்தது, இன்னும் கான்ஃபிகர் ஆகாதது) என்று காத்திருக்கும். போர்ட்டை விடுவித்துவிட்டு 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். தேவையான பேக்கேஜே இல்லையென்றால் 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்'. பழைய நிலைக்குத் தானாகத் திரும்பும் வசதி மட்டும் கிடையாது.

டிபிகேஜி பூட்டப்பட்டிருக்கிறது என்ற பிழை வந்ததும் பூட்டுக் கோப்பை (lock) அழிக்கச் சொல்லும் யோசனை ஊரெங்கும் சுற்றுகிறது. அழிக்காதீர்கள். கோப்பு இருப்பது பூட்டு ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ராசஸ் அதைப் பிடித்திருப்பதுதான் பூட்டு. கோப்பை அழித்தால் இரண்டு டிபிகேஜி ஒரே தரவுத்தளத்தில் கை வைக்கும். புதிய பதிப்புகள் ப்ராசஸ் எண்ணையே சொல்லிவிடுகின்றன. பெரும்பாலும் அது பின்னணியில் நடக்கும் தானியங்கி அப்டேட். முடியும்வரை காத்திருந்தால் போதும்.

ஃபெடோரா, ரெட் ஹாட் லினக்ஸின் நிறுவல் கருவியான டிஎன்எஃப் இதில் முன்ஜாக்கிரதைப் பேர்வழி. ஒரு கோப்பைத் தொடுவதற்கு முன்பே ட்ரான்சாக்ஷன் டெஸ்ட் என்ற ஒத்திகை ஓட்டி, கோப்பு மோதலையும் டிஸ்க் இடத்தையும் பார்த்துவிடும். கோட்டைவிடும் இடம் வேறு: நிறுவிய பிறகு ஓடும் ஸ்கிரிப்ட் தோற்றால் ஒரு எச்சரிக்கையோடு சரி, பேக்கேஜ் நிறுவப்பட்டதாகவே பதிவாகும். செய்த மாற்றத்தைத் திருப்பும் 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ' நல்ல வசதி என்றாலும், பழைய பதிப்பு ரெப்போவில் (பேக்கேஜ்கள் இறங்கும் களஞ்சியத்தில்) இல்லாவிட்டால் கைகொடுக்காது.

தானாகப் பின்வாங்குவதில் விண்டோஸ் இன்ஸ்டாலர்தான் முன்னணி. மாற்றும் கோப்புகளை மறைவான கான்ஃபிக்.எம்எஸ்ஐ ஃபோல்டரில் எடுத்து வைத்து, தோற்றால் திருப்பிப் போடும். தயாரிப்பாளர் சொந்தமாகச் சேர்த்த கஸ்டம் ஆக்ஷனுக்கு (கூடுதல் வேலைக்கு) ரோல்பேக்கையும், அதாவது அதைத் திருப்பும் வழியையும், அவரே எழுதியிருக்க வேண்டும். எழுதாதபோதுதான் எச்சம் தங்குகிறது. செய்தியோ படுமோசம். 1603 என்ற பிழை எண் வந்தால் 'ஏதோ தவறு' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. விண்டோஸ் இன்ஸ்டாலரை இயக்கும் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையில் /எல்*வி சேர்த்து பதிவுக் கோப்பு (log) எடுத்து, 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடுங்கள். காரணம் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே இருக்கும். ஸ்கிரிப்ட் வழியாக நிறுவுபவர்கள் சுழி அல்லாத எல்லா முடிவு எண்களையும் தோல்வியாக எண்ணக் கூடாது: 3010 வெற்றிதான், ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. 1618 வந்தால் வேறொரு நிறுவல் ஓடுகிறது, சில நிமிடம் விட்டு மறுபடி முயன்றால் சரியாகிவிடும்.