ஹீட்டர் கோருக்கு 18,500 ரூபாய்: பழைய கார் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்

என் பழைய பிரிட்டிஷ் கார் மோரிஸ் மைனர் 1000-இன் ஹீட்டரைப் பிரித்து முழுசாகப் புதுப்பிக்க 18,500 ரூபாய். நேற்று ராத்திரி அந்தப் பெட்டியைத் திரும்பக் கழற்றி, கோரின் (இன்ஜின் சுடுதண்ணீர் ஓடிக் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) மேல் அடித்திருந்த கறுப்புப் பெயின்ட்டைத் தின்னர் போட்டுத் துடைத்தால், உள்ளே இருப்பது கொடுத்தனுப்பிய அதே பழைய கோர். ஒரு மூலையில் மூன்று குழாய் வாயில் எபாக்சி புட்டி அப்பியிருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எதையெல்லாம் சரிபார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

கடை பெயர் வேண்டாம். பழைய கார் பாகங்களுக்கென்றே நடக்கும் ஒரு ஆன்லைன் சந்தை, அதில் "கிளாசிக் கார் ரெஸ்டோரேஷன்" என்று விளம்பரம் போட்டிருக்கும் ஒரு சென்னைக் கடை. அது போதும்.

சென்னையில் ஹீட்டர் எதற்கு என்று இங்கேயும் யாராவது கேட்பீர்கள். ஏசி இல்லாத வண்டியில் நவம்பர் மழையில் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படியும்போது அதுதான் துடைக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போனால், ஹீட்டரைத் திறந்துவிட்டால் அது இரண்டாவது ரேடியேட்டர். ஆனால் ஊருக்குள் யாரும் திறப்பதில்லை என்பது உண்மைதான். ஏமாற்றுகிறவனுக்கு அதைவிட என்ன வசதி வேண்டும்? பிரேக் சரியில்லாவிட்டால் அடுத்த சிக்னலில் தெரிந்துவிடும். ஹீட்டர் சரியில்லை என்பது மலையேறும்போதுதான் தெரியும். அதற்குள் ஆறு மாதம் ஓடியிருக்கும்.

நம்ப வைத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். கடைக்காரர் வெறும் வாய்ப்பேச்சு ஆள் இல்லை. வேறொரு கோரைக் குறுக்கே அறுத்து கவுன்டரில் வைத்திருந்தார். தட்டையான பித்தளைக் குழாய்கள், நடுவில் செம்புத் தகடு, பாதிக் குழாய்களில் வெள்ளையாக உப்பு. "பாருங்க சார், போர் தண்ணி ஊத்தினா இதுதான் கதி" என்றார். சரியான பேச்சு. பிறகு, "ஸ்டாப் லீக் பவுடர், மஞ்சப்பொடி எதாவது போட்டிருக்கீங்களா? அதெல்லாம் போய் முதல்ல ஹீட்டர் கோர்லதான் அடைக்கும்" என்று கேட்டார். அதுவும் சரி: ஹீட்டர் குழாய்கள் குறுகல், தண்ணீர் ஓட்டமும் குறைவு, தூள் அங்கேதான் தங்கும். இப்படிக் கேள்வி கேட்கிறவருக்கு வேலை தெரியாமல் இருக்குமா என்று அந்த இடத்தில்தான் கவனம் தளர்ந்தது. வேலை தெரிந்தவர்தான். செய்யவில்லை, அவ்வளவுதான்.

முன்பணம் 10,000. மீதி 8,500, பிரஷர் டெஸ்ட் வீடியோ அனுப்பிய பிறகு. வாட்ஸப்பில் வீடியோ வந்தது: பக்கெட் தண்ணீரில் முங்கிய கோர், ஒரு குமிழிகூட இல்லை. யுபிஐயில் 8,500 போனது. நேற்று அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் இருக்கும் கோருக்கு இரண்டு குழாய் வாயும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. இந்த வண்டிக் கோரில் அப்படி இல்லை. டெஸ்ட் நடந்தது வேறு யாருடைய கோருக்கோ!

அந்த 18,500 சீட்டில் இருந்த கணக்கு: புது கோர் 9,000, விசிறி மோட்டார் ரீவைண்டிங் 4,500, ஹீட்டருக்குப் போகும் சுடுதண்ணீரைத் திறந்து மூடும் வால்வு 3,000, பெயின்ட், ஃபோம் 2,000.

கோர் கதை சொல்லியாயிற்று. ஒழுங்கான வேலை என்றால் இரண்டு பக்கத் தொட்டியையும் சூடாக்கிக் கழற்றி, நடுவில் புது கோர் வைத்து, ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கப் போட்ட ஆசிட்டை ஆப்ப சோடா தண்ணீரில் கழுவ வேண்டும்; கழுவாவிட்டால் சில மாதத்தில் ஓரமெல்லாம் பச்சை பூக்கும். தொட்டி ஓரத்தில் புது ஈயத்தின் பளபளப்பு கண்ணுக்குத் தெரியும். அது இல்லை என்பது தெரியக்கூடாது என்றுதான் முழுசாகக் கறுப்புப் பெயின்ட். கோருக்கு மெல்லிய கறுப்புப் பூச்சு கொடுப்பது வழக்கம்தான். தகடுகளுக்கு நடுவே ஒளி தெரியாத அளவுக்கு அடித்திருந்தால் அது எதையோ மறைக்கிற பெயின்ட்.

மோட்டார் இன்னும் அழகு. ரீவைண்டிங் என்று சொல்லிவிட்டு, வண்டியோடு வந்த ஸ்மித்ஸ் கம்பெனி மோட்டாரையே காணோம். ஏதோ வேனின் புளோயர் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நிரந்தரக் காந்தம்; பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் சுற்றும் திசையும் மாறிவிடும். மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு எர்த். நெகட்டிவ் எர்த் வண்டி என்று நினைத்து வயர் கொடுத்திருக்கிறார்கள், விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது. சத்தம் பிரமாதமாக வருகிறது. கண்ணாடிக்கான வாயில் டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் அசையவில்லை. இரண்டு வயரை மாற்றிப் போட்டால் தீர்கிற விஷயம். 4,500 ரூபாய் வாங்கியவருக்கு அது தெரியவில்லை, அல்லது ஒருமுறைகூடச் சுற்றிப் பார்க்கவில்லை.

வால்வு பழையதே, பஃப் போட்டுப் பளபளப்பாக்கியது. சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் இரண்டு ஸ்டட்டில் உட்காரும் இடத்தில் கேஸ்கெட்டுக்குப் பதில் ஃபைல் அட்டை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஹீட்டர் பெட்டிக்குள் காற்றைத் திருப்பிவிடும் ஃபிளாப்பின் ஓரத்துக்குச் சோபா ஸ்பாஞ்ச். விரலால் தொட்டால் தூளாக உதிர்கிறது.

வால்வை மூடிவைத்தால் பிரச்சினை வெளியே தெரியாது என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கும் தப்பு. ஹீட்டரிலிருந்து திரும்பும் ஹோஸ், ரேடியேட்டரின் கீழ் ஹோஸில்தான் சேர்கிறது. வால்வு மூடியிருந்தாலும் அந்த வழியாக பிரஷர் கோருக்கு வந்துகொண்டேதான் இருக்கும். புட்டி வெடித்து, பக்கத்து சீட்டுக்காரர் காலடியில் கார்ப்பெட் நனைந்து, கூலன்ட்டின் இனிப்பு வாடை அடித்ததும் விஷயம் வெளியே வந்தது.

போன் செய்தேன். முதல் பதில்: "ஏர் லாக் சார், ரெண்டு நாள் ஓட்டுங்க." தண்ணீர் ஓடும் வழியில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது என்கிறார். இன்ஜின் சூடான பிறகு இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இரண்டும் சூடு, காற்று மட்டும் குளிர்ச்சி என்றால் விசிறி அல்லது ஃபிளாப். இரண்டும் குளிர்ச்சி என்றால் வால்வு அல்லது ஏர் லாக். உள்ளே போகிற ஹோஸ் சூடு, வெளியே வருகிறது குளிர்ச்சி என்றால் பெரும்பாலும் கோர் அடைப்பு. இங்கே மூன்றாவது. அதைச் சொன்னதும், "உங்க மெக்கானிக் மாட்டினதுல ஏதாவது பண்ணிட்டாரோ என்னவோ." அடுத்த நாள், "ஓனர் ஊருக்குப் போயிருக்காரு." அதற்கடுத்த நாள், "அறுபது வருஷத்து வண்டி சார், அப்படி இப்படித்தான் இருக்கும்." கடைசியாக, சிரித்துக்கொண்டே, "மெட்ராஸ்ல யார் சார் ஹீட்டர் போடப் போறா?" அப்புறம் நீல டிக் மட்டும்.

ஆன்லைன் தளத்தின் பதில் இரண்டே வரி. பணம் தங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, ஆகவே பொறுப்பில்லை. விளம்பரம் அவர்கள் பக்கத்தில்தான் இன்னும் ஓடுகிறது. 18,500 ரூபாய்க்கு ஜிஎஸ்டி பில்லும் கிடையாது, "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன். கை ஓடவில்லை, நாலு விஷயம் மட்டும்:

கொடுப்பதற்கு முன்னால் தொட்டியில் ஆணியால் ஒரு கீறல் போட்டு போட்டோ எடுங்கள். கழற்றிய பழைய கோரைத் திருப்பிக் கேளுங்கள். தரமுடியாது என்றால் மாற்றவில்லை.

வீடியோவை நம்பி மீதிப் பணம் கொடுக்காதீர்கள். நேரில் போய், ஒரு வாயை அடைத்து, இன்னொன்றில் கேஜ் வைத்த சைக்கிள் பம்பால் 10 பிஎஸ்ஐ ஏற்றி, தண்ணீரில் பத்து நிமிஷம் முக்கிப் பாருங்கள். வண்டியின் ரேடியேட்டர் மூடி 7 பிஎஸ்ஐதான். அதோடு ஒரு லிட்டர் தண்ணீரை ஹோஸ் வழியாக விடுங்கள், மடமடவென்று இறங்க வேண்டும். என் கோரில் நூல் மாதிரி வந்தது.

மோட்டாரைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்.

முடிந்தால் உங்கள் ஏரியா ரேடியேட்டர் கடைக்கே போங்கள், வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இப்போதைக்கு ஹீட்டரின் இரண்டு ஹோஸையும் கழற்றி, கீழ் ஹோஸின் கிளைவாயை அடைத்துவிட்டு வண்டியை ஓட்டுகிறேன். பெட்டி மேஜை மேல் கிடக்கிறது, 18,500 ரூபாய்.